நம் வீட்டு மனிதர்களைப் படமெடுப்பது

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1945 மே மாதம். ஒகினாவா தீவில் நடந்த போரைப் படமெடுக்கப் போயிருந்த யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் குண்டுச் சிதறல் தாக்கி விழுந்தார். முகத்திலும் இடது கையிலும் கடுமையான காயம். அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். இனிமேல் கேமராவைப் பிடிக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. 1946இல் ஒருநாள், வலி தீராத அந்தக் கையோடு, தம் இரண்டு குழந்தைகளின் பின்னால் நடந்தார். சிறுவனும் சிறுமியும் மரநிழலைக் கடந்து வெளிச்சம் விழும் இடத்துக்குள் காலெடுத்து வைக்கிறார்கள். அதை எடுத்தார். 1955இல் எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘மனிதக் குடும்பம்’ என்ற பெரிய கண்காட்சியை நடத்தினார். 68 நாடுகளிலிருந்து வந்த 503 படங்கள். அத்தனைக்கும் முடிவாக ஸ்டைக்கன் தேர்ந்தெடுத்து வைத்தது இந்தப் படத்தைத்தான்.

அதில் குழந்தைகளின் முகம் தெரியாது. சேர்ந்து நடக்கும் இரண்டு சின்ன முதுகுகள், அவ்வளவுதான். ஆனாலும் பின்னால் நிற்கிற தகப்பனை நம்மால் உணர முடிகிறது. நம் கைப்பேசிகளில் நிறைந்து கிடக்கும் சிரித்த முகங்கள் பலவற்றில் இந்த உணர்வு கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை, எப்படி எடுத்தால் கிடைக்கும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று விசேஷ வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிறவன். அந்த வேலையில் வாய் ஓயாமல் சொல்லும் சொல் ‘சிரிங்க’ என்பது. சொன்னவுடன் எல்லோரும் சிரிப்பார்கள். உதடு விரியும், பல் தெரியும், கண் மட்டும் அப்படியே இருக்கும். டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை மனசு மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்று அதில் எழுதினார். பழகினால் அதையும் வரவழைக்கச் சிலரால் முடியும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மண்டப மேடையில் மூன்று மணி நேரம் நிற்கிற மாமாவாலும் அத்தையாலும் முடியாது. அவர்கள்மேல் குற்றமில்லை. கேட்டு வாங்கும் பொருளாக அன்பு என்றைக்கும் இருந்ததில்லை.

நம் பழைய ஸ்டுடியோ படங்களில் யாருமே சிரிப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொடக்க காலப் புகைப்படத் தகடுகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஆள் அசையாமல் இருக்க வேண்டும். பிற்பாடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் படமெடுத்துக்கொள்வது வாழ்க்கையில் எப்போதோ வரும் பெரிய காரியமாகவே இருந்தது. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் இருந்தது. மூன்று பேராக நிற்கக்கூடாது என்று சொன்ன வீடுகள் இன்றும் இருக்கின்றன. இத்தனையும் தாண்டி வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, தீட்டிய திரைக்கு முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880க்கும் 1980க்கும் இடையில் தமிழ் ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடி மின்வடிவில் பதிவு செய்திருக்கிறார்கள். அரிய வேலை.

அப்படிப்பட்ட படம் உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், இன்றைக்குப் போய் எடுத்துப் பாருங்கள். முகங்களை விட்டுவிடுங்கள். முகத்தை ஸ்டுடியோக்காரர் சரிசெய்துவிட்டார். நெகட்டிவில் பென்சில்கூடப் போட்டிருப்பார். கைகளைப் பாருங்கள். தாத்தா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பாட்டி பின்னால் நிற்பாள். அவள் விரல்கள் நாற்காலியின் சட்டத்தில் இருக்கின்றனவா, அவர் தோளில் பட்டும் படாமலும் இருக்கின்றனவா? அழப்போகிற தம்பியின் சட்டை நுனியை அக்கா பின்பக்கமாகப் பிடித்திருக்கிறாளா? மடியில் இருக்கும் குழந்தையின் பாதத்தை அம்மா உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறாளா? ஸ்டுடியோக்காரர் அடுக்கி வைக்க மறந்த இடங்கள் இவை. அந்தக் குடும்பம் நிஜத்தில் எப்படி இருந்தது என்பது இங்கேதான் பதிந்திருக்கிறது.

நான் சொல்ல வந்ததும் இதுதான். வீட்டு மனிதர்களின் அன்பு, ஒருவருக்காக ஒருவர் செய்கிற வேலையில் இருக்கிறது. செய்கிற கையில் தெரிகிறது. அதை எடுக்க வேண்டும். அதைப் பக்கத்தில் இருந்து எடுக்கும் உரிமையும் வாய்ப்பும் என்னைப்போல் காசுக்கு வரும் படக்காரனைவிட அந்த வீட்டு ஆளுக்கே அதிகம்.

ஜூலியா மார்கரெட் காமரான் என்ற அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தோடும் தொடர்புள்ளவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதுவரை அவருக்கு அந்தத் தொழில் தெரியாது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தம் வீட்டின் கோழிக்கூண்டைப் படமெடுக்கும் இடமாகவும், கரிக் கொட்டகையை இருட்டறையாகவும் மாற்றினார். உறவுக்காரர், வேலைக்காரப் பெண்கள், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் உட்கார வைத்தார். அவர் படங்களில் கூர்மை போதாது என்று அந்தக் காலத்துப் புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, தங்கை மகள் ஜூலியா ஜாக்சனை 1867 வாக்கில் எடுத்த படங்கள். (பின்னாளில் வர்ஜீனியா வுல்பின் தாயானவர் இந்தப் பெண்தான்.) மற்றவர்களுக்குத் தேவதை வேஷமும் புராணப் பெயரும் கொடுத்த காமரான், இந்தப் பெண்ணைப் பெரும்பாலும் அவளாகவே விட்டார். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், கழுத்து, தலைமுடி, நேரே பார்க்கும் கண். அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குச் சில நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். இத்தனை நேரம் யாராலும் நடிக்க முடியாது. முதல் சில விநாடிகளில் நாம் போட்டுக்கொள்ளும் முகம் மெல்ல நழுவிப்போகும். அதன் பிறகு இருப்பது அந்த ஆளின் சொந்த முகம். பெரியம்மாவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற தைரியம் இருந்ததால் அந்தப் பெண் அந்த முகத்தை மறைக்கவில்லை. நமக்கு இன்று ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதனாலேயே முதல் விநாடியின் பொய்முகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

1875இல் காமரான் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களையும் உள்ளூர் மக்களையும் அம்மையார் அங்கே படமெடுத்தார், எஞ்சியவை கொஞ்சமே. அவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அதே கேமரா, அதே கை, அதே திறமை. ஆனால் தங்கை மகளின் படத்தில் இருந்த நெருக்கம் அங்கே இல்லை. துரைசானியின் முன்னால் நிற்கும் தொழிலாளி எப்படித் தன் சொந்த முகத்தைக் காட்டுவார்? படம் எடுக்கிறவருக்கும் நிற்கிறவருக்கும் இடையில் உள்ள உறவு எதுவோ அதுதான் படத்தில் விழும். 1879இல் அவர் அங்கேயே காலமானார். பொகவந்தலாவை தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். எதை எடுப்பது? விசேஷ நாளை எடுக்க நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சாதாரண நாளை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், பேரனின் உச்சந்தலையில் தட்டித் தேய்க்கும் ஆச்சியின் கை. வாசற்படியில் மேலும் கீழுமாக உட்கார்ந்து அம்மா மகளுக்குப் பேன் பார்ப்பது. பள்ளிக்கூட நேரத்தில் வலிக்க வலிக்க இழுத்துப் பின்னும் இரட்டைச் சடை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி வேட்டி நுனியால் துடைத்துத் திரும்பக் கொடுக்கும் தாத்தா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரைகளை எண்ணி உள்ளங்கையில் வைக்கும் மருமகள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் வீடியோ அழைப்புக்காக நல்ல புடவை மாற்றிக்கொண்டு காத்திருக்கும் அம்மா. நம் வீடுகளில் ‘உன்மேல் எனக்குப் பிரியம்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘சாப்பிட்டியா’ என்று கேட்பார்கள், இன்னொரு தோசை போடுவார்கள். அந்தத் தோசை விழும் தட்டையும், போடுகிற கையையும், வேண்டாம் என்று மறைக்கும் கையையும் ஒரே சட்டத்துக்குள் எடுத்துப் பாருங்கள்.

இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. கைப்பேசியைப் பற்றி மட்டும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிரதான லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமமான அகல லென்ஸ். அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு என்று காட்டும் எண்ணைத் தொட்டு எடுங்கள். பிளாஷை அணையுங்கள். பகலில் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு ஜன்னலோரத்துக்கோ நிலைப்படிக்கோ திண்ணைக்கோ வந்துவிடுங்கள். கூரை நிழலில் நின்றுகொண்டு வெளியே பார்க்கும் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு ஈடாக எந்த ஸ்டுடியோ விளக்கும் இல்லை. குழந்தையை எடுப்பதானால் தரையில் உட்காருங்கள்.

வெள்ளை வேட்டி சட்டையோடு இருக்கும் அப்பாவை எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். வெள்ளை அதிகம் என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பாவின் முகம் கருகிப்போகும். திரையில் அவர் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முகம் தெளிய வேண்டும், வெளுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் தன் வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல்தான் அளவுகோல். மற்றத் தோல்கள் எப்படி விழுந்தாலும் அந்தத் தொழிலுக்கு நெடுங்காலம் கவலையில்லை. இன்று அந்த வேலையைக் கைப்பேசியின் அழகுபடுத்தும் வசதி செய்கிறது. கேட்காமலேயே அம்மாவை வெளுப்பாக்கி, கண்ணோரச் சுருக்கங்களைத் துடைத்துவிடுகிறது. டுஷேன் சொன்ன அந்தக் கண்ணோரச் சுருக்கத்தைத்தான் துடைக்கிறது. அமைப்புகளுக்குள் போய் முதலில் அதை நிறுத்துங்கள். அம்மாவின் நிறம் அம்மாவுடையது.

அடுத்து, யார் படத்தில் இல்லை என்று பாருங்கள். ஆல்பங்களைப் புரட்டும்போது என்னை மிகவும் உறுத்துவது இதுதான். படமெடுக்கும் அப்பா எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அம்மா அடுப்படியில் இருப்பாள். கூப்பிட்டால் ‘புடவை அழுக்கு, நீங்க எடுங்க’ என்பாள். கல்யாண வீடுகளில் இன்னொருவர் உண்டு. கணவரை இழந்த பாட்டியோ அத்தையோ, தாமாகவே ஒதுங்கித் தூணோரம் நிற்பார். மணப்பெண்ணைத் தூக்கி வளர்த்தவரே அவராக இருப்பார். மேடைக்குக் கூப்பிட்டால் ‘நல்ல காரியத்துல நான் எதுக்கு’ என்பார். அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து மணமக்களுக்கு நடுவில் நிறுத்த வேண்டியது வீட்டாரின் பொறுப்பு. வெளியாளான நான் கூப்பிட்டால் வரமாட்டார். பேத்தி கூப்பிட்டால் வருவார். மேடையில் ஏறிய பிறகு அவர் கை பேத்தியின் கன்னத்துக்குப் போகும். நான் காத்திருந்து எடுப்பது அதைத்தான்.

அன்பு என்றால் இனிமை மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். சொராப் ஹுரா என்ற நம் நாட்டுப் புகைப்படக்காரரின் தாய்க்கு 1999இல் கடுமையான மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டது. தாயும் மகனும் வாழ்ந்த அந்த வீட்டை, எல்சா என்ற நாயை, அம்மாவின் கோபத்தை, களைப்பை, அபூர்வமாக வரும் விளையாட்டை அவர் பல ஆண்டுகள் படமெடுத்தார். 2015இலும் 2018இலும் அவை இரண்டு நூல்களாக வந்தன. பார்க்கச் சுலபமான படங்கள் அல்ல. ஆனால் நோயாளியின் படமாக அவை நமக்குத் தோன்றுவதில்லை. அம்மா என்றுதான் தோன்றுகிறது. நம் வீடுகள் பலவற்றில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார். அவரைக் கதவுக்கு அந்தப்புறம் வைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் எடுக்கிறோம். அவர் சம்மதித்தால், அவர் தலையணைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களோடு சேர்த்து எடுங்கள்.

சம்மதித்தால் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, குழந்தைக்கும் உண்டு. அமெரிக்காவின் சாலி மேன் தம் மூன்று குழந்தைகளைக் கிராமத்து வீட்டில் எடுத்த படங்களை 1992இல் நூலாக்கியபோது பெரிய வாதம் எழுந்தது. படங்களின் அழகைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. உடையில்லாத குழந்தைகளின் படத்தை உலகத்துக்குக் காட்டும் முடிவை யார் எடுப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. குளிக்கும் குழந்தை, அழும் குழந்தை, அடிவாங்கும் குழந்தை என்று எல்லாம் ஸ்டேட்டஸில் போகிறது. கூடவே கூடாது என்பேன். காட்டாமலே வைத்துக்கொண்டவரும் உண்டு. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1977இல் தாயை இழந்தார். பிறகு பழைய படங்களைத் தேடி, தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் ஒரு படத்தில் அவரைக் கண்டுகொண்டார். 1980இல் வந்த அவருடைய புகைப்பட நூலின் உயிரே அந்தப் படம்தான். ஆனால் அதை அவர் நூலில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு குழந்தை; தமக்கு மட்டும் அது அம்மா என்றார். எடுத்ததையெல்லாம் காட்டத் தேவையில்லை.

விடாமல் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கலஸ் நிக்சன் என்பவர் 1975இல் தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். அப்போது இளையவருக்கு 15 வயது, மூத்தவருக்கு 25. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் அதே நால்வர், இடமிருந்து வலமாக அதே வரிசை. முதல் சில படங்களில் நால்வரும் சற்று விறைப்பாக நிற்கிறார்கள். போகப்போக ஒருவர் தோளில் ஒருவர் சாய்கிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், வயதாகிறது. தனிப்படம் எதிலும் இல்லாத ஒன்று அந்த வரிசையில் வந்துவிடுகிறது. நமக்கு இது மிகச் சுலபம். பொங்கலன்று அதே வாசல், அதே ஆட்கள், அதே வரிசை. செலவே இல்லை.

கடைசியாக, படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வைப்பது பற்றி. இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தாய்மார் ஒவ்வொருவர் கையிலும் மகனின், மகளின், கணவரின் படம். அந்தப் படங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பல, அடையாள அட்டைக்கு எடுத்தது போன்ற நேர்முகப் படங்கள். சில, கூட்டப் படத்திலிருந்து பெரிதாக்கியவை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு ஆல்பம் எங்கே மிஞ்சும்? கையில் தங்கிய ஒரு துண்டுக் காகிதம்தான் அவர்களிடம் சாட்சியாகவும் பிள்ளையாகவும் இருக்கிறது. கைப்பேசி உடைந்தாலும் கணக்கு முடங்கினாலும் போய்விடுகிற படங்களை நாம் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு, பத்திரமாக இருப்பதாக நம்புகிறோம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் வீட்டில் ஒருவர் இன்னொருவருக்காக ஏதோ ஒரு வேலை செய்வதை, அவர்கள் சம்மதத்தோடு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக் கலர் லேபில் கொடுத்து அச்சிடுங்கள். பின்புறத்தில் அவர்களின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். இன்னொரு பிரதியும் போட்டு, படத்தில் இருக்கிறவர் கையில் கொடுங்கள்.